தெஹாதே: இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்துச் சந்தைகளில் பெரிய மண்சட்டியில் கரைத்து வைத்துப் பெண்கள் விற்கும் குளிர்ந்த பானம் தெஹாதே. ஆங்கில எழுத்தில் tejate என்று பார்த்து ‘தேஜேட்’ என்று எழுதிவிடாதீர்கள், ஸ்பானியத்தில் j எழுத்துக்கு ஹகர ஒலிதான்.

சொல்லின் வேர் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்லில் இருக்கிறது. ‘தெஷ்த்லி’ என்றால் மாவு, ‘ஆத்ல்’ என்றால் தண்ணீர், அதாவது மாவுநீர். அவ்வளவு எளிய பெயர், ஆனால் வேலை எளிதில்லை. மக்காச்சோளத்தைச் சாம்பல் கலந்த நீரில் வேகவைத்துக் கழுவி, வறுத்த கொக்கோ விதை, மாமேய் என்னும் பெரிய சப்போட்டாவின் கொட்டைப் பருப்பு, ‘கொக்கோப் பூ’ எனப்படும் காய்ந்த மணப்பூ (பெயர்தான் அப்படி, அது கொக்கோ மரத்துப் பூ இல்லை) எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கிறார்கள். முன்பு அம்மி மாதிரியான கல்லில், இப்போது பெரும்பாலும் மில்லில். அப்புறம் அந்த விழுதை முழங்கை வரை கைவிட்டுப் பிசைந்து, குளிர்ந்த நீரை உயரத்திலிருந்து ஊற்ற ஊற்ற, மோரில் வெண்ணெய் திரள்வது போல மேலே வெளுத்த நுரை கட்டிக்கட்டியாகத் திரளும். தெஹாதேயின் உயிரே அந்த நுரைதான். திருவோட்டு மரத்துக் காயைக் குடைந்து, சிவப்பு பூசிப் பூ வரைந்த கிண்ணத்தில் சர்க்கரைப் பாகு விட்டுத் தருவார்கள்.

வாஹாகா நகருக்குப் பக்கத்திலுள்ள சான் அந்திரேஸ் வயாபம் ஊர் இதற்குப் பேர்போனது, தெஹாதேக்கென்றே அங்கே திருவிழா நடக்கிறது. வாஹாகாவின் பழங்குடிகளான சப்போதெக் மக்களுக்கு இது வயல்வேலைக்குப் பசியாற்றும் ஆகாரம், விசேஷ நாளில் விருந்து. நாம் சொல்லும் ‘சப்போட்டா’வும் நாவாத்லின் ‘த்சபோத்ல்’ சொல்லிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்ததுதான், சப்போதெக் என்ற பெயருக்கும் அதுவே வேர்.

சரி, தமிழில்? ‘சாக்லேட் பானம்’ என்பது தவறு, ஏனென்றால் கொக்கோ இதில் ஒரு பங்குதான், அடிப்படை தானியம். ‘கூழ்’ என்பதும் பொருந்தாது, மாவாக அரைத்தபின் இதை அடுப்பில் ஏற்றுவதே இல்லை. மக்காச்சோள மாவைக் காய்ச்சிக் குடிக்கும் அதோலேவுக்கு வேண்டுமானால் கூழ் சரியாக வரும். ‘சோளநீர்’ என்று சுருக்கினால் நம் வெள்ளைச்சோளம் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே ‘தெஹாதே’ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முதலில் வரும் இடத்தில் ‘மக்காச்சோள மாவுநீர்’ என்று பக்கத்தில் எழுதுவதே என் தேர்வு.