வேலையின்மை, கடன், தற்கொலை விகிதம்: நடுவில் இருப்பவை

பொருளாதாரம் சரியும்போது தற்கொலைகள் கூடுகின்றன என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் இரண்டு தவறான முடிவுகளுக்குப் போய்விடுவோம். ஒன்று, ஏழை நாடுகளில்தான் தற்கொலை அதிகம் என்பது. மற்றொன்று, மந்தம் வந்தால் மரணங்களும் வந்தே தீரும், தடுக்க வழியில்லை என்பது. இரண்டாவது முடிவுதான் அதிக ஆபத்தானது. அதை நம்புகிற அரசும் குடும்பமும் செய்யக்கூடியதைக்கூடச் செய்யாமல் விட்டுவிடும்.

உலகில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவர்களில் சுமார் 73 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மலைக்கவைக்கும் எண்தான். ஆனால் உலக மக்களில் பெரும்பாலானோர் வாழ்வதும் அந்த நாடுகளில்தான். விகிதமாகப் பார்த்தால் படம் மாறிவிடும். வளர்ந்த நாடுகளின் வரிசையில் உள்ள தென்கொரியாவின் தற்கொலை விகிதம் பல ஆண்டுகளாக உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கடன் நெருக்கடியில் தள்ளாடிய கிரேக்கத்தில் அந்த விகிதம் உயர்ந்தது; உயர்ந்த பிறகும் அது ஐரோப்பாவின் மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்றாகவே இருந்தது. ஒரு நாடு எவ்வளவு பணக்கார நாடு என்பதை வைத்து அதன் தற்கொலை விகிதத்தைச் சொல்லிவிட முடியாது. நிலைமை எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் மாறுகிறது என்பதே அதிகம் சொல்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இலேயே இந்த இடத்தைத் தொட்டார். வறுமையைவிட, வாழ்வின் ஒழுங்கு திடீரெனக் குலைவதே மனிதரை நிலைகுலைய வைக்கிறது என்பது அவர் வாதம்.

இந்தப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். முதியோர் அதிகமுள்ள நாட்டையும் இளைஞர் அதிகமுள்ள நாட்டையும் ஒப்பிடுவதானால், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்ட விகிதம்தான் பயன்படும். ஆண், பெண் எண்களைத் தனித்தனியே பாருங்கள். மந்தக் காலத்து உயர்வு பெரும்பாலும் உழைக்கும் வயது ஆண்களிடம் தெரியும், மொத்த விகிதத்தில் அது கரைந்துபோகும். தற்கொலை குற்றமாகவோ அவமானமாகவோ கருதப்படும் இடங்களில் அது விபத்து என்றோ காரணம் தெரியாத மரணம் என்றோ பதிவாகிவிடும். அதனால் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடுவதைவிட, அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுவதே நம்பகமானது.

அப்படி ஒப்பிட்டால் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 1928இல் ஒரு லட்சம் பேருக்கு 18.0 என்றிருந்த விகிதம், 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தின் நடுவே 1932இல் 22.1 ஆனது. ஜப்பானில் 1997 நவம்பரில் பெரிய நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. அந்த ஆண்டு 24,391 ஆக இருந்த தற்கொலைகள் மறு ஆண்டு 32,863 ஆயின. ஒரே ஆண்டில் எட்டாயிரத்துக்கும் மேல் உயர்வு. அதில் பெரும்பங்கு நடுவயது ஆண்கள். 1970 முதல் 2007 வரை 26 ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, வேலையின்மை ஒரு சதவீதம் உயரும்போது 65 வயதுக்கு உட்பட்டோரின் தற்கொலைகள் சுமார் 0.79 சதவீதம் உயர்வதைக் காட்டியது.

63 நாடுகளின் 2000 முதல் 2011 வரையிலான தரவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2015இல் வந்தது. அதில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. தற்கொலை உயர்வு வேலையின்மை உயர்வுக்குச் சுமார் ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. ஆட்குறைப்புப் பேச்சு, சம்பளம் தாமதமாவது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற சேதி, இவையெல்லாம் வேலை போகும் முன்னரே ஆளை அழுத்தத் தொடங்கிவிடுகின்றன என்றுதான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. வேலையின்மைப் புள்ளிவிவரம் வெளிவந்த பிறகு உதவித் திட்டம் போடுகிற அரசு, தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அடுத்தது, வேலையின்மை குறைவாக இருந்துவந்த நாடுகளில்தான் அதன் உயர்வு கூடுதலாகத் தாக்கியது. எல்லோருக்கும் வேலை இருக்கும் இடத்தில் வேலை இழப்பவர், 'எனக்கு மட்டும் ஏன்' என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வது எளிது.

இனி, மரணங்கள் உயராத நாடுகளைப் பார்க்க வேண்டும். நம்பிக்கை தரும் செய்தி அங்கேதான் இருக்கிறது. பின்லாந்தில் 1990 முதல் 1993 வரை வேலையின்மை சுமார் 3 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கும் மேலே போனது. தற்கொலை விகிதம் உயரவில்லை, இறங்கியது. சுவீடனிலும் அதே காலத்தில் வேலையின்மை ஏறியபோது தற்கொலை குறைந்தது. 1997 ஆசிய நிதி நெருக்கடியின்போது ஜப்பான், தென்கொரியா, ஹாங்காங் மூன்றிலும் விகிதம் ஏறியது. சிங்கப்பூரிலும் தைவானிலும் அப்படி ஏறவில்லை. அடி ஒன்றுதான், காயம் வேறு வேறு. மேலே சொன்ன 26 ஐரோப்பிய நாடுகளின் ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வேலை இழந்தவருக்கு உதவித்தொகையோடு நிற்காமல், உடனே ஓர் ஆலோசகரை ஒதுக்கி, பயிற்சி கொடுத்து, வேறு வேலையில் சேர்த்துவிடும் திட்டங்களுக்கு அதிகம் செலவிட்ட நாடுகளில், வேலையின்மைக்கும் தற்கொலைக்குமான பிணைப்பு தளர்ந்திருந்தது. பின்லாந்தில் அதே காலத்தில் தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. எனவே முழுப் பெருமையையும் வேலைத் திட்டத்துக்கே கொடுத்துவிடக் கூடாது.

ஜப்பானின் பிந்தைய கதை கடனைப் பற்றியது. அங்கே 1998 முதல் 2011 வரை தற்கொலைகள் ஆண்டுதோறும் 30,000க்கு மேலேயே இருந்தன. 2006இல் தற்கொலைத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களுக்கான சட்டமும் திருத்தப்பட்டு 2010இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடமானமில்லாக் கடன் தரக் கூடாது, வட்டிக்கு உச்சவரம்பு உண்டு என்பவை அதன் முக்கிய விதிகள். 2012இல் எண்ணிக்கை 30,000க்குக் கீழே வந்தது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையுடன் பணம் வழங்கும் திட்டம் சென்ற இடங்களில் தற்கொலை விகிதம் சுமார் 18 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்க மாநிலங்களில் குறைந்தபட்ச ஊதியம் ஒரு டாலர் உயர்ந்தபோது, பள்ளிக் கல்வியோடு நின்றவர்களிடையே விகிதம் 3.4 முதல் 5.9 சதவீதம் வரை குறைந்திருந்தது.

பொருளாதாரத்தால் விளக்க முடியாத மாற்றங்களும் உண்டு. சோவியத் ஒன்றியம் சிதறிய பின் ரஷ்யாவில் ஏற்பட்ட கடும் உயர்வை மதுவை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 1980களின் நடுவில் அங்கே மதுக் கட்டுப்பாடு வந்தபோது தற்கொலைகள் இறங்கியிருந்தன. கட்டுப்பாடு தளர்ந்ததும் ஏறின. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று இருந்தது. கொடிய நச்சுப் பூச்சிக்கொல்லிகளின் விற்பனை படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அது அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் அங்கே போரும் இருந்தது, பொருளாதார ஏற்றத்தாழ்வும் இருந்தது. உயிரைப் பறிக்கும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதிருப்பது அவ்வளவு பெரிய பாதுகாப்பு.

நாட்டு அளவிலான கணக்கை அப்படியே தனி மனிதர்மேல் வைக்கவும் கூடாது. வேலையற்றவர்களிடையே தற்கொலை ஆபத்து வேலையில் இருப்பவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆயினும் வேலை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலை செய்வதில்லை. மனச்சோர்வு முன்பே இருந்து, அதனாலேயே வேலை போனதாகவும் இருக்கலாம். பொருளாதார அடிக்கும் மரணத்துக்கும் இடையே பல படிகள் உண்டு: தூக்கம் கெடுவது, கடனை வீட்டில் மறைப்பது, குடி கூடுவது, வீட்டுச் சண்டை, வசூல் ஆட்களின் மிரட்டல், 'நான் இருப்பதே இவர்களுக்குப் பாரம்' என்ற எண்ணம். 'கடன் தொல்லையால் தற்கொலை' என்ற தலைப்புச் செய்தி இந்தப் படிகள் அத்தனையையும் அழித்துவிடுகிறது. அதே நிலையில் இருக்கும் வாசகருக்கு, தனக்கும் வேறு வழியில்லை என்றே அது சொல்கிறது.

ஆகவே மருத்துவரோ ஆலோசகரோ குடும்பத்தினரோ, 'பணப் பிரச்சினை ஏதாவது உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் போதாது. பலர் 'சமாளித்துவிடலாம்' என்று முடித்துவிடுவார்கள். மொத்தக் கடன் எவ்வளவு, எத்தனை இடத்தில், அடுத்த தவணை எந்தத் தேதி, யார் வந்து மிரட்டுகிறார்கள், வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் மறைக்கப்பட்ட கடன், அது சிறியதானாலும், ஆளைத் தனிமைப்படுத்திவிடுகிறது. பிறகு எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வையுங்கள்: யாருக்கு, அசல், வட்டி, தேதி. மனச்சோர்வில் இருப்பவருக்குக் கடன் அளவற்றதாகத் தெரியும். தாளில் எழுதியதும் அது கூட்டிக் கழிக்கக்கூடிய தொகையாகிறது. உணவு, வாடகை, மருந்து முதலில். மற்றவற்றுக்குக் கால நீட்டிப்புக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம். அந்தப் பேச்சுக்கு அவரைத் தனியே அனுப்பாமல் நம்பகமான ஒருவர் உடன் போவது நல்லது. பழைய தவணையைக் கட்டப் புதுக் கடன் வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. 'ஆம்' என்றால் எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, மது குடிக்கிறாரா என்று கேளுங்கள். ஆபத்தான பொருட்கள் வீட்டில் இருந்தால் அன்றே வேறொருவர் பொறுப்பில் மாற்றிவிடுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அவர் கையாலேயே எழுத வையுங்கள். இலவச உதவி எண்களையும் அதில் சேருங்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. திட்டமும் வழியும் கையில் இருப்பவரைத் தனியே விடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆட்குறைப்பு செய்யும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. வாரக் கடைசியில் மின்னஞ்சலில் வேலைநீக்கம் அறிவித்துவிட்டுக் கதவை மூடுவது, ஆள் யாரிடமும் பேச முடியாத இரண்டு நாட்களை அவர் கையில் திணிப்பதாகும். நேரில் சொல்லுங்கள். கணக்குத் தீர்க்கும் தேதியை எழுத்தில் கொடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு அழைத்துப் பேச ஒருவரின் பெயரையும் எண்ணையும் தாருங்கள்.

புது வேலை கிடைத்ததும் கவனிப்பை நிறுத்துவதும் தவறு. சம்பளம் பெரும்பாலும் பழையதைவிடக் குறைவாக இருக்கும்; நிறுத்திவைத்த தவணைகள் அப்போதுதான் ஒன்றாகத் திரும்பி வரும். முதல் சம்பளத் தேதிக்கு அடுத்த வாரம் ஒரு சந்திப்பை முன்கூட்டியே குறித்துவையுங்கள். அந்தக் கடன் தாளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.