கிறிஸ்துமஸ் முடிந்தால் போதும் என்று தோன்றுகிறதா?

நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழத் தொடங்கும் நாட்களில், குன்னூர், கோத்தகிரி பகுதிகளிலிருந்து ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் பலர் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்லக் கேட்கிறேன்: “கிறிஸ்துமஸ் முடிஞ்சா போதும்னு இருக்குங்க மேடம்.” தூக்கமின்மை, தலைவலி, பிள்ளைகளிடம் எரிந்து விழுதல், கணவரோடு ஓயாத சண்டை என்று வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக வந்தவர்கள், பேச்சின் பாதியில் இதைச் சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போல உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆலயத்தில் பாடகர் குழுவிலும் பெண்கள் ஐக்கியத்திலும் முன்னின்று உழைப்பவர்களும் இதையே சொல்வதால், பக்திக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன், காலண்டர் தாளின் பின்புறம் எழுதிய பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அச்சு முறுக்கு, அதிரசம், கல்கல், ரவா லட்டு, மிக்சர், கேக் என்று பலகாரங்கள் ஒரு பக்கம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, புதுத் திரைச்சீலை, ஸ்டார், இயேசு பிறப்புக் குடில், எல்லாருக்கும் துணி, நாத்தனார் பிள்ளைகளுக்கும் துணி, கேரல் வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் என்று மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் நேராக, இதை வீட்டில் யார் விரும்பிக் கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். அச்சு முறுக்குக்கு நேராக இளைய மகனின் பெயரை எழுதினார். அதிரசத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அது மாமியார் செய்துவந்த பலகாரம்; மாமியார் மறைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன; வீட்டில் இப்போது அதைச் சாப்பிட ஆளில்லை; ஆனாலும் பக்கத்து வீடுகளுக்குப் போகும் தட்டில் அது இல்லாவிட்டால் பேசுவார்கள் என்பதால் ஆண்டுதோறும் பாகு காய்ச்சுகிறார். பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை இப்படித்தான், யாரும் கேட்காமல் நடந்துகொண்டிருந்தன.

வழக்கங்கள் பெரும்பாலும் இவ்வாறே சேர்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றிரண்டைக் கூட்டுகிறது, எதையும் கழிப்பதில்லை. கூடிய சுமை குடும்பம் முழுவதுக்கும் பரவாமல் ஒருவர் தலையிலேயே விழுகிறது. பலகாரம் சுடுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. யாருக்கு என்ன அளவில் துணி, எந்த வீட்டுக்கு எத்தனை தட்டு, எண்ணெய் போதுமா என்று வாரக்கணக்கில் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. மாலை வரை கொழுந்து பறித்துவிட்டு, நள்ளிரவு வரை எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று, விடியும் முன் ஆராதனைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் ஒருவருக்கு, பண்டிகை நாளன்று காலையில் சிரிப்பு வராமல் இருப்பதில் வியப்பில்லை. தொடர்ந்து தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும், இரத்த அழுத்தம் உயரும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது திரும்ப வரும்.

இதில் பணம் ஒரு தனிக் கதை. தோட்டத் தொழிலாளர்களுக்குப் போனஸ் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியே கைக்கு வருகிறது. டிசம்பர் வருவதற்குள் அது கரைந்துவிட, கிறிஸ்துமஸ் செலவுக்கு நகை அடகுக் கடைக்கோ வட்டிக் கடனுக்கோ போகிறது. இரண்டு ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 400 ரூபாய். அசலைத் தொடாமல் இருந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது வட்டியாக மட்டும் 4,800 ரூபாய் போயிருக்கும். அதற்குள் புதிய பண்டிகைக்குப் புதிய கடன். இந்தக் கணக்கைக் கணவன், மனைவி இருவரையும் வைத்துக்கொண்டு தாளில் போட்டுக் காட்டுவது, என் அனுபவத்தில், எந்த அறிவுரையையும்விட அதிகம் பயன்படுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் டிம் காஸரும் கென்னன் ஷெல்டனும் கிறிஸ்துமஸ் அனுபவம் பற்றி 117 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்விலும், குடும்பத்தோடு கழித்த நேரமும் சமய வழிபாடும் முதன்மையாக இருந்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியையும், செலவழிப்பதும் பரிசு பெறுவதும் முதன்மையாக இருந்தவர்கள் குறைந்த நிறைவையும் தெரிவித்தார்கள். நம் மலையின் நிலைமை வேறு என்றாலும், இங்கே என் அறையில் கேட்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

நான் பரிந்துரைப்பது ஒரு மாலைப் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அந்த வாரத்தில் ஒரு நாள், டிவியை அணைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்து, எது ஒன்று இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் வந்தது போலவே இருக்காது என்று ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முதலில் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பதால், இளையவரிடமிருந்து தொடங்குவது நல்லது. வரும் பதில்களைக் கேட்டுப் பெற்றோர்கள் திகைத்துப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். அப்பாவோடு போய் சைப்ரஸ் கிளை வாங்கிவருவது என்கிறது ஒரு குழந்தை. குளிரில் அதிகாலை ஆராதனைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போக யாராவது வந்தால் போதும் என்கிறார் பாட்டி. கல்கல் உருட்டுவது என்று பல பிள்ளைகள் சொல்கிறார்கள், கவனியுங்கள், தின்பது என்று சொல்வதில்லை. பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவு கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் வைத்து, கட்டை விரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாகச் சுருண்டு சங்கு போல வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கை வரும் வேலை, கோணலாக வந்தாலும் எண்ணெயில் வெந்துவிடும். மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து அந்த ஒன்றைச் செய்யும் மாலையை, அம்மா தனியாக நின்று சுட்டு டப்பாக்களில் அடைக்கும் ஆறு பலகாரங்களுக்கு ஈடாக நான் தாராளமாக எடுத்துக்கொள்வேன்.

பட்டியலில் எஞ்சியவற்றைப் பக்கத்து வீடுகளோடு பகிர்ந்துகொள்ளலாம். தோட்டங்களில் வரிசையாக ஒட்டியிருக்கும் லைன் வீடுகளில் இது மிக எளிது: மூன்று வீட்டார் ஆளுக்கொரு பலகாரம் கூடுதலாகச் செய்து மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு தட்டிலும் மூன்று வகை வந்துவிடும். குடிலுக்கும் இதே நிதானம் போதும். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோவில் அமைத்த குடிலில் தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே இருந்தன. தெர்மகோல் மலைகளும் சீரியல் பல்புகளும், சோலை மரங்களிலிருந்து உரித்துவரும் பாசியும் இல்லாமலேயே, பைன் காய்களும் மண்ணும் வைத்துப் பிள்ளைகள் அழகான குடில் கட்டிவிடுவார்கள்.

உறவினர் பேச்சுக்கு அஞ்சித்தான் பலர் எதையும் குறைக்கத் துணிவதில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குறைப்பது என்று முடிவானால், கணவர் தன் வீட்டாரிடம் தானே சொல்ல வேண்டும். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது சோம்பேறித்தனம் என்றும், மகன் வாயிலிருந்து வந்தால் அது குடும்ப முடிவு என்றும் எடுத்துக்கொள்ளப்படுவது நியாயமில்லை. ஆனால் நடப்பது அதுதான். “இந்த வருஷம் ரெண்டு பலகாரம்தான் செய்யறோம் அம்மா, நீங்க வந்து ரெண்டு நாள் எங்களோட இருங்க” என்று அழைப்போடு சேர்த்துச் சொன்னால் மனத்தாங்கல் பெரும்பாலும் வருவதில்லை.

ஊட்டியிலும் குன்னூரிலும் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கும் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் டிசம்பர் கடைசி வாரம் சுற்றுலாப் பருவம், விடுப்புக் கிடைக்காது. அப்பா இல்லாத பண்டிகை என்று 25-ஆம் தேதி முழுவதும் வீடு சோர்ந்திருப்பதற்கு மாறாக, ஆராதனையை அன்றைக்கும் குடும்ப விருந்தை வேறு நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் காலம் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-ஐ ஒட்டி நீள்வதால், 28-ஆம் தேதி பிரியாணி சமைப்பதில் எந்த மரபும் மீறப்படுவதில்லை. குடியால் பண்டிகை கெடும் வீடுகளுக்கு இந்த யோசனைகள் போதாது. அங்கே சிகிச்சைதான் வழி, அதைப் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

மரணம் நிகழ்ந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஓர் ஆறுதலான அனுமதி. ஆனால் தாத்தாவை இழந்த எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெருவில் தன் வீட்டு வாசலில் மட்டும் ஸ்டார் இல்லாதது தண்டனையாகத் தோன்றலாம். பெரியவர்கள் தாங்களே முடிவெடுத்துவிடாமல் பிள்ளையிடமும் கேட்டு, ஒரு ஸ்டார், ஒரு ஜெபம், தாத்தாவுக்குப் பிடித்த ஒரு பண்டம் என்று அளவோடு செய்துகொள்வதை நான் ஆதரிக்கிறேன்.

பண்டிகை அலுப்பு சில நாள் ஓய்வில் போய்விடும். வருத்தமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதைப் பண்டிகைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் இலவச மனநல உதவிச் சேவை 24 மணி நேரமும், தமிழிலும், கிறிஸ்துமஸ் இரவிலும் கிடைக்கும்.