காற்று எட்டாத இடத்தில்தான் அலுமினியம் கரைகிறது

ராமநாதபுரம் கடலோரக் கீழக்கரையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய மாருதி 800 ஒன்றை ஆசையோடு பராமரித்து வருபவர். இரும்பு வீல் டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வாங்கிய 13 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) வீல்களைப் பொருத்தினார். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. ஒரு வருடம் கழித்து இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: இரண்டு டயர்களில் வாரத்துக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. காற்று இறங்குகிறது. பஞ்சர் கடையில் தேடியும் ஆணி இல்லை, வால்வு மாற்றியும் பயன் இல்லை. கண் பட்டுவிட்டது என்று சொல்லி உறவினர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்னாராம். "இரும்பு வீலில் இத்தனை காலம் வராத கசிவு அலாயில் ஏன் வருகிறது?" என்பது அவருடைய கேள்வி.

உரசலை முதலில் முடித்துவிடுவோம். அந்த வண்டிக்கு உரியது 145/70 அளவுள்ள 12 அங்குல டயர். அகலம் 145 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 508 மி.மீ. அவர் இப்போது போட்டிருப்பது 155/65 அளவில் 13 அங்குலம். விட்டம் 532 மி.மீ. வருகிறது. உயரத்தில் 24, அகலத்தில் 10 மி.மீ. கூடிவிட்டால் சின்ன வண்டியின் மட்கார்டுக்குள் இடம் ஏது? ஸ்பீடாமீட்டரும் ஏமாற்றும்: முள் 60-இல் நிற்கும்போது வண்டி 63-ஐ நெருங்கியிருக்கும். இதோடு ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. அச்சு முனையிலிருக்கும் ஹப்பில் வீல் அமரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்னும் அளவு அது. அது சில மி.மீ. மாறினாலே டயர் வெளியே துருத்தும், அல்லது உள்ளே போய் சஸ்பென்ஷனை உரசும். வீலைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்களின் மையங்கள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம் இந்த வண்டியில் 114.3 மி.மீ.; கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அலாய்களில் பல 100 மி.மீ. வட்டத்துக்கானவை. ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்கிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி காற்றுக்கு வருவோம். டியூப் இல்லாத டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது எது? எஃகுக் கம்பி வைத்த டயரின் உள்விளிம்பை, அதாவது பீட்டை, ரிம்மில் ஒட்டும் பசை ஏதும் கிடையாது. பீட் அமரும் இடம், ரிம்மின் ஓரத்தில் ஓடும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை. அது வெளிப்புறம் நோக்கி 5 பாகை உயர்ந்து சரிந்திருக்கும். காற்று ஏற ஏற, பீட் அந்தச் சரிவில் வெளிநோக்கி ஏறுகிறது. வெட்ட வெட்ட மண்வெட்டி காம்பில் இறுகுவதுபோல இறுகுகிறது. வழியில் ஒரு சிறிய மேடு உண்டு. பீட் அதைத் தாண்டி விழும்போதுதான் டயர் கடையில் நாம் கேட்கும் அந்த 'டப்' சத்தம் வருகிறது. பிறகு அந்த மேடே பீட் உள்ளே நழுவாமல் தடுக்கும் வரப்பு. 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் இரண்டு கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். எந்தக் காற்று தப்பிக்கப் பார்க்கிறதோ, அதே காற்றுதான் ரப்பரை உலோகத்தில் அழுத்தி வாசலை அடைக்கிறது. பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

நல்ல நிலையில் உள்ள டயரிலும் ரப்பர் வழியாகவே மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கசியும், அது இயல்பு. வாரத்துக்கு ஐந்தாறு என்பது வாசல் திறந்திருப்பதன் அடையாளம். டயரைத் தொட்டியில் அமுக்கும்போது சாலையில் படும் ட்ரெட் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். ரிம்மின் ஓரத்தில் சோப்பு நீரைத் தடவி, ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். கடுகளவு குமிழிகள் ஓரிடத்தில் கோவையாக வரும். அந்த இடத்தில் டயரைப் பிரித்தால் பீட் அமரும் பட்டையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரக்கும். துடைத்தால் கீழே அம்மைத் தழும்பாகக் குழிகள். அது அலுமினியத்தின் துரு.

எனக்கு வியப்புத் தீராத இடம் இது. வீலின் வெளிமுகம் கடல்காற்றில் நாள் முழுதும் நனைகிறது. அங்கே பாதிப்பு குறைவு. ரப்பர் இறுக்கி மூடியிருக்கும், காற்றே எட்டாத இடுக்கில்தான் உலோகம் அரிக்கிறது. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்றல்லவா பள்ளியில் படித்தோம்?

இதற்கு விடையை 1920களில் கேம்பிரிட்ஜில், உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் ஈவன்ஸ் ஒரே ஒரு துளியில் காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்திருக்கும். சற்று நேரத்தில் துளியின் நடுவே நீலம் படர்கிறது, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் எழுகிறது. இரும்பு அயனியாகக் கரைந்து வெளிவரும் இடம் நீலமாகும். ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு காரத்தன்மையை உண்டாக்கும் இடம் சிவக்கும். துளியின் ஓரம் மெல்லியது, காற்று எளிதில் நுழையும். நடுப்பகுதி ஆழமானது, காற்று சேர நேரமாகும். ஆக்சிஜன் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது செலவாவது ஓரிடம், உலோகம் கரைவது வேறோரிடம். இரண்டுக்கும் நடுவே உலோகத்தின் வழியாக மின்சாரம் ஓடுகிறது. ஒரு சொட்டு நீருக்குள் ஒரு முழு மின்கலம்! பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அந்த நீலம் படர்வதைப் பார்த்த பிள்ளை மின்வேதியியலை மறக்காது.

ரிம்முக்கும் பீட்டுக்கும் இடையில் நடப்பதும் இந்த வகைதான், இன்னும் கொடூரமாக. அலுமினியம் தன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலத்தை நொடியில் போர்த்திக்கொள்ளும்; அதுதான் அதன் கவசம். டயர் மாற்றும்போது லிவர் பட்டு லாக்கர் பூச்சு கீறிய இடத்தில் உப்புநீர் நுழைகிறது. இடுக்கிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, புதிது வர வழியில்லை, கிழிந்த கவசத்தைத் தைக்க முடியவில்லை. அலுமினிய அயனிகள் உள்ளே குவிய, அவற்றின் மின்சுமையைச் சமன்செய்ய வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் இழுக்கப்படுகின்றன. அலுமினிய அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தை விடுகிறது. அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் கவசம் மேலும் கிழியும். மேலும் உலோகம் கரையும். மேலும் குளோரைடு வரும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. விளையும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் ரப்பரை நெம்பி உயர்த்துகிறது. வாசல் திறந்துவிட்டது.

மதுரையில் மெதுவாக நடக்கும் இந்த வேலை கடலோரத் தேவிபட்டினத்திலும் மண்டபத்திலும் ஏன் இத்தனை விரைவு? கடலுப்பில் சமையலுப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. சமையலுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தானாகக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு வடித்து விடும் கசப்பு நீர் எளிதில் வற்றாமல் கிடப்பது இதனால்தான். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக் கடல்முனை வரை போய்வந்த வண்டியின் ரிம்மில் படிந்த உப்பும் அப்படித்தான், நள்ளிரவிலும் ஈரமாகவே இருக்கும்.

வாசகரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அவருடைய இரும்பு டிஸ்க்கும் ஓரத்தில் துருப்பிடித்துத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கால டயருக்குள் டியூப் இருந்தது. ரிம்முக்குக் காற்றைக் காக்கும் வேலையே இல்லை. அலாய்க்கு மாறியபோது டியூப் போய்விட்டது; காக்கும் பொறுப்பு முழுவதும் அந்த இரண்டு சென்டிமீட்டர் பட்டையின் மேல் விழுந்துவிட்டது.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி நான் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். ஆக்சைடு கவசம் நிலைப்பது அமிலமோ காரமோ மிகாத சூழலில்தான்; எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அதைக் கரைக்கக்கூடியது. சக்கரத்தடியில் நசுக்கும் பழத்தின் சாறு பெரிய கேடு செய்துவிடாது. பரிகாரம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று குறைந்த டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவதே கேடு. நம்பிக்கை அவரவர் உரிமை. காற்றழுத்தமானி பார்ப்பதற்கு அது ஈடாகாது.

செய்ய வேண்டியது இது. டயரைக் கழற்றி, வெள்ளைப் பொடியை நைலான் நாரும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு தேய்த்தெடுக்க வேண்டும். கிரைண்டர் வைக்கக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக உலரவிட்டு, பிரைமரும் லாக்கரும் அடித்து, பீட்டுக்கும் ரிம்முக்கும் இடையை அடைக்க டயர் கடையில் கிடைக்கும் பீட் சீலரைத் தடவிப் பொருத்துங்கள். டயர் வழுக்கி ஏறத் தடவும் துணி சோப்பின் காரம் அலுமினியத்துக்கு ஆகாது, டயர் பொருத்துவதற்கென்றே உள்ள வழுக்குப் பசையைக் கேளுங்கள். பீட் அமரவில்லை என்று 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்ற விடாதீர்கள். குழிகள் ஆழமாக இருந்தால் அந்த வீலைக் கைவிடுவதே நல்லது. நம் மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பு. அதில் வண்டியைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். குடிநீரை வீணாக்கவும் மனம் வராது. ஈரத்துணியால் ரிம்மின் ஓரத்தைத் துடைத்தாலே போதும்.

இத்தனை பேரை அன்றாடம் பாதிக்கும் அறிவியலுக்கு நம் வாசலிலேயே ஆய்வகம் இருக்கிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் நிறுத்தி அளந்து வந்திருக்கிறது. உலோகம் எங்கே எவ்வளவு அரிக்கும் என்று காட்டும் இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் தயாரித்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 வரை ரயில்களைச் சுமந்தது. 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குக் கிடைக்கும் இந்த அறிவு பஞ்சர் கடைக்கு வந்து சேரவில்லை. தகடு துருப்பிடிப்பதை அளக்கப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டுத் திட்டங்களாக நறுக்கி நிதி கொடுத்தால் அந்த அளவீடு நடக்காது. நீண்டகால நிதி வேண்டும், முடிவுகள் தமிழில் மெக்கானிக்கின் கைக்கு வர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி. அது இன்னும் பழைய 12 அங்குலமாகவே இருக்கும். மாருதி 800-ஐ இழுப்பவை முன் சக்கரங்கள். முன்னால் ஒருபுறம் 508, மறுபுறம் 532 மி.மீ. என்று ஓடினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல், திருப்பத்தில் மட்டுமின்றி நேர்ச்சாலையிலும் ஓயாமல் சுழலும். முன் டயர் பஞ்சரானால் பின்னாலிருக்கும் அலாய் ஒன்றை முன்னே மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, மெதுவாகப் பஞ்சர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள். பழைய நட்டுகள் நான்கையும் டிக்கியிலேயே வைத்திருங்கள். அலாய்க்கென்று வாங்கிய நட்டின் கூம்பு இரும்பு டிஸ்க்கின் குழியில் சரியாக அமராமல் போகலாம்.