கார்டு ரீடருக்குக் கெர்னல் டிரைவர் எழுதக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சங்கம் ஒன்றிலிருந்து போன வாரம் அழைப்பு வந்தது. உறுப்பினர் கார்டைப் படிக்கும் யுஎஸ்பி ரீடரை யாராவது பாதியில் உருவிவிட்டால் கணினியே உறைந்துபோகிறதாம். அன்று பட்டுவாடா நாள். வாசலைத் தாண்டி வரிசை நிற்கிறது. போய்ப் பார்த்தால், பாளையங்கோட்டையில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் அதற்கென்று தனியாகக் கெர்னல் டிரைவர், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து சாதனத்தை இயக்கும் நிரல், எழுதிக் கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரீடருக்குப் புதிதாக டிரைவர் எழுதவே தேவையில்லை. இதே கதையைத் தென்காசியிலும் வள்ளியூரிலும் கேட்டாயிற்று. இனி இதைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

ரீடர் வேலை செய்யவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று பொருள், டிரைவர் இல்லை என்றால் நாமே எழுத வேண்டும். இந்த இரண்டு எண்ணமும் தவறு. பெட்டியோடு குறுந்தகடு வந்த காலத்துப் பழக்கம் இது.

ரீடரைத் திறந்து பாருங்கள். பலவற்றில் யுஎஸ்பியை சீரியலாக, அதாவது பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய இணைப்பு முறைக்கு, மாற்றும் சிப் ஒன்று இருக்கும். எஃப்டிடிஐ, புரோலிஃபிக், சிலிக்கான் லேப்ஸ், சிஎச்340 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கெர்னலுக்குத் தெரிய வேண்டியது அந்தச் சிப் மட்டுமே. இந்த நான்குக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே பல ஆண்டுகளாக டிரைவர் இருக்கிறது. செருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு சாதனம் தோன்றும். அதோடு கெர்னலின் வேலை முடிந்தது. கார்டோடு ஐஎஸ்ஓ 7816 என்னும் சிப் கார்டுத் தரத்தின் விதிப்படி பேசுவது சாதாரண நிரலின் வேலை. அதற்கு பிசிஎஸ்சிடி என்னும் பின்னணிச் சேவை இருக்கிறது. யுஎஸ்பி கார்டு ரீடர்களுக்கான பொதுத் தரமான சிசிஐடி வகை ரீடர் என்றால் சீரியல் தொல்லைகூட இல்லை; அதை இயக்கும் நிரலும் கெர்னலுக்கு வெளியேதான் ஓடுகிறது. கார்டு பேச்சைக் கெர்னலுக்குள் கொண்டுபோய் வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

விதிவிலக்கு உண்டு. இன்ஃபினிட்டி யுஎஸ்பி அன்லிமிடெட் என்ற ஃபீனிக்ஸ் வகை (சீரியல் வழியாகக் கார்டோடு நேரடியாகப் பேசும் எளிய வகை) ரீடர், கார்டுக்கான கடிகாரத் துடிப்பைத் தானே மாற்றியமைக்கும். அதற்குத் தனி டிரைவர் வேண்டியிருந்தது. அதுவும் கெர்னலிலேயே இருக்கிறது. கற்க ஆசையுள்ளவர்கள் முதலில் அதை வாசியுங்கள்.

பிறகு ஏன் வேலை செய்யவில்லை? நான் பார்த்தவற்றில் முதல் காரணம் அனுமதி. சீரியல் சாதனங்களைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் பயனர் இல்லை, அவ்வளவுதான். அடுத்தது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 இல் சிஎச்340 சிப்பைச் செருகியதும் சாதனம் தோன்றி உடனே மறைந்துவிடும். பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் நிரல் அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. கெர்னல் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை ஒரு முறை பார்த்தாலே தெரியும். பார்க்க மாட்டேன் என்கிறார்கள்!

மூன்றாவது சீரியல் அமைப்பு. கார்டின் கடிகாரம் 3.5712 மெகாஹெர்ட்ஸ் என்றால் அதை வழக்கமான வகுஎண்ணான 372ஆல் வகுக்க 9600 பாட் (வினாடிக்கு இத்தனை பிட் என்னும் வேகம்) வரும். 6 மெகாஹெர்ட்ஸ் என்றால் 16129. எட்டு பிட், இரட்டைப்படைப் பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்), இரண்டு நிறுத்த பிட். பாரிட்டி இல்லாமல் திறந்துவிட்டுக் குப்பை வருகிறது என்று புலம்பினால் குப்பைதான் வரும். கார்டு அனுப்பும் முதல் பைட் பதினாறடிமான எண்ணில் 3பி என்றால், பிட்டுகளை நேர் வரிசையில் அனுப்பும் நேர்முறைக் கார்டு. 03 வந்தால் கார்டு கெடவில்லை. அது 3எஃப், பிட்டுகள் தலைகீழாக இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய பைட்டுகளே திரும்பி வந்தாலும் பயப்படாதீர்கள். ஃபீனிக்ஸ் ரீடரில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில்தான், வாசித்துத் தள்ளிவிடுங்கள்.

சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அது மட்டும் சாகும். கெர்னலோடு சேர்த்து ஏற்றும் நிரல் துண்டான மாட்யூலில் பிழை நேர்ந்தால் மொத்தக் கணினியும் போகும். சாதனம் திறந்திருக்கும்போது கேபிளை உருவினால் என்ன ஆகும் என்று யோசிக்காத டிரைவர், விடுவித்த நினைவகத்தைத் தொடும். அம்பாசமுத்திரத்தில் நடந்தது இதுதான். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். எழுதிய தம்பி வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விடுவார், கணினி சங்கத்திலேயே இருக்கும். அப்போது யார் கட்டுவது?

அலுவலகம் நடத்தும் அண்ணாச்சிமாருக்கு: வாங்கும்போதே சிசிஐடி ரீடராகக் கேளுங்கள். மலிவு விலைப் போலிச் சிப் வேண்டாம். 2014இல் எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் புதுப்பிப்பு ஒன்று போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கிப்போட்டது. யாரோ கொடுத்த மாட்யூலை ஏற்றுவதற்காக, நம்பகமற்ற நிரல்கள் ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் என்னும் காப்பை அணைக்கச் சொன்னால் அணைக்காதீர்கள். அந்தக் கணினியில்தான் டிஜிட்டல் கையொப்பமும் போடுகிறீர்கள்.

தம்பி தங்கைகளே, புதிய சிப் எண் கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால் அந்த டிரைவரின் நியூ_ஐடி கோப்பில் எண்ணை எழுதிப் பாருங்கள். ஒரு வரி நிரல்கூட வேண்டாம். வேலை செய்தால் டிரைவரின் சிப் எண் அட்டவணையில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். அதுவே உருப்படியான பங்களிப்பு. எழுதித்தான் பழக வேண்டும் என்றால் மெய்நிகர் கணினியில் எழுதுங்கள். சோதனைக்கு வெற்றுக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் கையொப்பக் கார்டைத் தயவுசெய்து செருகாதீர்கள். தவறான பின் எண்ணைச் சில முறை அனுப்பினாலே அது பூட்டிக்கொள்ளும்.