அடித்தளம் யார் கையில்?

ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பெரிய போட்டி கூகுளின் குரோம். ஆனால் ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்துதான் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் எதைத் தேடினாலும் கூகுள் தேடுபொறி முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கான பணம் அது. கூகுள் எதிரியா, படியளப்பவரா? இரண்டும்தான்.

மென்பொருள் சந்தையில் இது சகஜம். ஏனென்றால் எந்த மென்பொருளும் தனியாக ஓடுவதில்லை. செயலிக்குக் கீழே ஒருவருடைய இயங்குதளம், தரவு கிடப்பது இன்னொருவருடைய சர்வரில், உள்ளே யார் யாரோ எழுதிய நிரல் துண்டுகள். ஒருவர் மாடியில் இன்னொருவர் குடியிருக்கிறார்.

கீழே இருப்பவருக்கும் மேலே ஆள் வேண்டும். 1979-ல் வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் முதலில் ஆப்பிள் II கணினிக்கு மட்டுமே கிடைத்தது. அதற்காகவே அந்தக் கணினியை வாங்கியவர்கள் உண்டு. விண்டோஸ் ஃபோனுக்கு நடந்தது நேர்மாறு: பயனர் குறைவு என்று செயலிக்காரர்கள் வரவில்லை, செயலி இல்லை என்று பயனர்கள் வரவில்லை. இருபக்கச் சந்தை என்று பொருளியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

சரி, இரு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டால்? அப்புறம் கீழ்த்தளத்துக்காரர் வைத்ததுதான் சட்டம். 2008-ல் சுமார் 500 செயலிகளோடு திறந்த ஆப்பிளின் ஆப் ஸ்டோர், கட்டணச் செயலிகளின் விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொண்டது. சிறு நிறுவனங்களுக்கு அது 15 ஆகக் குறைந்தது 2021-ல்தான்.

என்னைக் கேட்டால், கமிஷன்கூடப் பெரிய தலைவலி இல்லை. அதை விலையில் சேர்த்துவிடலாம். வாட்சன் என்ற மென்பொருளுக்கு நேர்ந்ததற்கு அப்படி வழியில்லை. திரைப்பட நேரம், விமான நிலவரம், பங்கு விலை என எல்லாவற்றையும் உலாவியைத் திறக்காமலே ஒரு சின்ன ஜன்னலில் காட்டிய மேக் மென்பொருள் அது. 2002-ல் ஆப்பிளே அதற்கு விருது கொடுத்தது. அதே ஆண்டு, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் ஷெர்லாக் 3-ஐத் தன் இயங்குதளத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து இப்படி விழுங்கப்படும் செயலியை 'ஷெர்லாக் ஆகிவிட்டது' என்பார்கள்.

அடித்தளம் எப்போதும் பெரிய நிறுவனம் என்றும் நினைக்க வேண்டாம். லெஃப்ட்-பேட் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் துண்டு. மொத்தம் 11 வரி. 7 என்று கொடுத்து, சுழியம் சேர்த்து மூன்று இடம் வேண்டும் என்றால், இடப்பக்கம் நிரப்பி 007 ஆக்கித் தரும். அவ்வளவுதான் அதன் வேலை. 2016 மார்ச்சில், வேறொரு பெயர்த் தகராறில் கோபப்பட்ட அதன் ஆசிரியர், தன் நிரல்கள் அத்தனையையும் என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். பேபெல் போன்ற பிரபலமான கருவிகள் அந்த 11 வரியைச் சார்ந்திருந்தன. அவற்றை நம்பியிருந்த நிறுவனங்களில், முந்தைய நாள் வரை ஒழுங்காக உருவான மென்பொருள்கள் பிழைகாட்டி நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் தானே அதைத் திரும்ப வைத்தது. பிறர் சார்ந்திருக்கும் நிரலை ஆசிரியரே நினைத்தாலும் எளிதில் நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது.

2017-ல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே பேட்ஸ்டார்ட் என்ற வசதி சேர்ந்தது. அதே போல இடப்பக்கம் நிரப்பித் தரும் வசதி. லெஃப்ட்-பேடும் ஷெர்லாக் ஆகிவிட்டது.