ரோடன்ட்: கொறிணி

லயத்துக் கூரையில் ஓடுவதும் எலி, மரக்கறித் தோட்டத்தில் வளை தோண்டும் பெருச்சாளியும் எலி, சுவரோரம் கீச்சிட்டுப் போகும் மூஞ்சூறும் எலி. மலையகத்தில் பேச்சுக்கு இது போதும். ரோடன்ட் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘எலியினம்’ என்று எழுதினால்தான் சிக்கல். அணிலும் முள்ளம்பன்றியும் ரோடன்ட், மூஞ்சூறு அல்ல.

லத்தீனில் ‘ரோடெரே’ என்றால் கொறித்தல். அதிலிருந்து வந்த சொல் இது. எலி என்ற பொருளே அதில் இல்லை, பல்லின் வேலைதான் இருக்கிறது. மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி வெட்டுப்பற்கள். சாகும்வரை வளரும். முன்பக்கத்தில் மட்டும் கடினமான மிளிரி (எனாமல்) இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, உளிபோல எப்போதும் கூராக இருக்கும். கோரைப்பல் கிடையாது. முயலும் கொறிக்கத்தான் செய்கிறது, ஆனால் அதன் மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய சோடி உண்டு. அதனால் அது வேறு வருணம் (ஆர்டர்).

தமிழில் கொறிணி, கொறித்துண்ணி என இரண்டும் வழங்குகின்றன. இரண்டாவது உடனே விளங்கும். ஆனால் ‘உண்ணி’ என்றதும் எனக்கு மாட்டு உண்ணிதான் ஞாபகம் வருகிறது! என் வாக்கு கொறிணிக்கே.

‘எலியினம்’ இன்னொரு வகையிலும் பிழை. இலங்கைப் பாடநூல்களில் இனம் என்றால் ஸ்பீசிஸ், அதற்கு மேற்படியான சாதி என்றால் ஜீனஸ். ரோடன்ட்டோ இவற்றுக்கும் மேலான ஒரு வருணம். தமிழ்நாட்டில் இவை சிற்றினம், பேரினம். இனத்துக்கும் சாதிக்கும் உள்ள இந்த வேறுபாடு வெறும் பெயர் விளையாட்டல்ல. மலைநாட்டு ஊரான ஒஹியாவின் பெயர் தாங்கிய எலியை 1929இல் பிலிப்ஸ் என்ற தோட்டத் துரை தனி இனமாக விவரித்தார். அப்புறமும் அது நெடுங்காலம் சாதாரண எலிகளின் ராட்டஸ் சாதிக்குள்ளேயே கிடந்தது. மண்டையோட்டையும் பற்களையும் ஒப்பிட்ட கை மஸ்ஸர் என்ற விலங்கியலாளர், 1981இல் அதற்கென்றே ‘ஸ்ரீலங்காமிஸ்’ என்ற சாதியை உருவாக்கினார். இலங்கைக்கு வெளியே அந்தச் சாதி இல்லை.

இப்போது உடற்கூற்றோடு மரபணுவும் சேர்ந்துகொள்கிறது. சிங்கராஜக் காட்டுப் பகுதியில் கிடைத்த ‘ஹிக்மியா’ என்ற சிறு பாலூட்டியை 2007இல் தனி இனமென்று நிறுவியபோது, உடல் அளவுகளோடு இழைமணியிலுள்ள (மைட்டோகாண்ட்ரியா) சைட்டோகுரோம் பி மரபணுவையும் மலைநாட்டு உறவினமான ‘மியா’வோடு ஒப்பிட்டார்கள். சிங்களத்தில் மீயா என்றால் எலி; இரண்டு பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டுமே மூஞ்சூறுகள். அந்தச் செய்தியைத் தமிழில் எழுதுபவர் ‘புதிய மூஞ்சூறு இனம்’ என்றே போடவேண்டும். ‘புதிய கொறிணி இனம்’ என்ற தலைப்பு அதற்குப் பொருந்தாது.