அர்னால்டுக்கு இருபது வருடம், நம் பையன்களுக்கு மூன்று மாதம்

பையனுக்கு 23 வயது. சேரன்மகாதேவிப் பக்கம் ஊர். அம்மாவோடு வந்திருந்தான். கண் இரண்டும் மஞ்சள், கையெல்லாம் சொறிந்த தடம். "அரிப்பு தாங்க முடியல சார், ராத்திரி ஒறக்கமே இல்ல" என்றான். பத்து நாளாகக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். குடிப்பழக்கம் கிடையாது. வைரஸ் மஞ்சள்காமாலைக்கான சோதனைகள் எல்லாம் சுத்தம். ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபின் மட்டும் 14, எக்கச்சக்கம்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோளும் மார்பும் கல் மாதிரி. முதுகு முழுக்கப் பெரிய பெரிய பரு. அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, ஜிம்முல என்ன போடுத?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "மாஸ்டர் குடுத்தாரு சார். தெனமும் மாத்திரை, வாரம் ஒரு ஊசி. மூணு மாசக் கோர்ஸ். சினிமாவுல ஃபைட்டரா சேரணும்னா இந்த பாடி பத்தாதுன்னாரு."

அவன் போட்டது தசை ஏற்றும் ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோன் வகை மருந்து. கல்லீரலைக் கெடுத்து மஞ்சள்காமாலையைக் கொண்டு வந்தது அந்த மாத்திரைதான். அவன் செல்போனின் முகப்பில் அர்னால்டு படம்.

எங்கள் பக்கம் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நடந்தால் போதும், "ஏல, பெரிய அர்னால்டுன்னு நெனப்போ?" என்று கேட்டுவிடுவார்கள். படம் பார்க்காத ஆச்சிக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். அதனால் அந்தப் பையனிடம் அர்னால்டைப் பற்றியே பேசினேன். அன்று பேசியதையும் பேச நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் பிறந்தது 1947-ல், ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மாநிலத்தில் தால் என்ற கிராமத்தில். எடை தூக்க ஆரம்பித்தபோது வயது 15 பக்கம். 1966-ல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம். அடுத்த வருடம், 20 வயதில், அந்தப் பட்டம். 1968-ல் அமெரிக்கா போனார். போன கையோடு அங்கே ஒரு போட்டியில் தோற்றார். 1969-ல் ஆணழகர்களின் பெரிய போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் செர்ஜியோ ஒலிவாவிடம் தோற்றார். 1970-ல் ஜெயித்தார், 1975 வரை வருடா வருடம் ஜெயித்தார், 1980-ல் திரும்பி வந்து ஏழாவது தடவையும் ஜெயித்தார்.

சினிமாவில்தான் அவருக்கு ரொம்பக் காலம் பிடித்தது. 1970-ல் வந்த முதல் படத்தில் அவர் பெயரையே மாற்றி 'அர்னால்டு ஸ்ட்ராங்' என்று போட்டார்கள். ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்று வேறு ஆளை வைத்துக் குரல் கொடுத்தார்கள். உலகத்திலேயே பெரிய உடம்பு இருந்தும் இதுதான் நிலைமை. அந்த வருடங்களில் நண்பர் பிராங்கோ கொலம்புவோடு சேர்ந்து செங்கல் கட்டுமானத் தொழில் செய்தார், வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டார், நடிப்பும் உச்சரிப்பும் படித்தார். 1979-ல் ஒரு கல்லூரிப் பட்டமும் வாங்கினார். 'கோனன்' வந்தது 1982-ல், 'டெர்மினேட்டர்' 1984-ல். முதல் எடையைத் தூக்கிய நாளிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம்.

இதைச் சொன்னால் ஜிம் பையன்கள் உடனே மடக்குவார்கள். "அவரும் ஸ்டீராய்டு போட்டாரே சார்?" ஆமாம், போட்டார். அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மருந்துகள் புதிதாக வந்த காலம் அது. ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை ஆரம்பித்ததே 1976 மான்ட்ரீலில்தான். மருத்துவர் கண்காணிப்பில் எடுத்ததாகச் சொல்லும் அவர், இன்றைய இளைஞர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்றும் சொல்கிறார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1997-ல் அவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்தது, 2018-லும் 2020-லும் மறுபடி நடந்தது. ஸ்டீராய்டு போட்டதால்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவருக்குப் பிறவியிலேயே வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான். அதற்கு மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது. பயமுறுத்துவதற்காகப் பொய் சொன்னால், அடுத்து நான் சொல்லும் உண்மையையும் பையன்கள் நம்பமாட்டார்கள்.

மருந்து செய்யும் கேட்டுக்கு உண்மையில் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஆண்ட்ரியாஸ் முன்சர் என்ற ஆணழகர். அதே ஸ்டிரியா மாநிலத்துக்காரர். அர்னால்டைப் பார்த்துத்தான் எடை தூக்க வந்தார். தோலுக்கு அடியில் கொழுப்பே இல்லாத உடம்பு என்று உலகமே வியந்தது. 1996 மார்ச்சில் வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனார். உள்ளே ரத்தக்கசிவு, கல்லீரல் செயலிழப்பு, ஒவ்வோர் உறுப்பாக நின்றுபோனது. வயது 31.

ஆணழகன் போட்டி மேடை ஏறுவதற்கு முன் உடம்பிலுள்ள நீரை வடிக்க டையூரடிக் மாத்திரை போடும் பழக்கம் இங்கேயும் உண்டு. அதனால் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் உப்பு தாறுமாறானால் இதயத் துடிப்பே நின்றுவிடும்.

சரி, ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது? நம் ஊர் விவசாயிக்கு இதைச் சொல்வது சுலபம். தாமிரபரணி வாய்க்கால் தண்ணீர் வயலில் நிற்கும்போது யாரும் கிணற்று மோட்டாரைப் போடுவதில்லை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் வந்துகொண்டே இருந்தால் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அப்படித்தான், விதைப்பைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். கோர்ஸ் முடிந்து வாய்க்காலை அடைத்தபிறகு மோட்டாரைப் போட்டால் உடனே ஓடாது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. உபரியான டெஸ்டோஸ்டீரோனில் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பு வீங்கும். கெட்டிப்பட்டுவிட்டால் மருந்துக்குக் கரையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வளரும் வயதில் போட்டால் எலும்பின் வளர்ச்சி முனை மூடி, உயரம் அதோடு நின்றுவிடும். போலீஸ் தேர்வுக்காகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடும் பையன்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

என்னை ரொம்ப வருத்துவது வேறு விஷயம். கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லை என்று ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் ஃபைல் இரண்டு அங்குல தடிமன். ஸ்கேன், ஹார்மோன் சோதனை, ஊசி, கோயில் நேர்ச்சை, மாமியார் பேச்சு, எல்லாம் அவளுக்கு. கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. எடுத்தபோது எண்ணிக்கை பூஜ்யம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கோர்ஸ் போட்டிருக்கிறார். அவருக்கே அதன் தொடர்பு தெரியவில்லை. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதயத்துக்கும் வேலை வைக்கும். ரத்த அழுத்தம் ஏறும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். விழும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். ஊசிக் குப்பியைப் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் சேர்ந்து வரும். நிறுத்தியபிறகு வரும் மனச்சோர்வை யாரும் பேசுவதில்லை. உடம்பு வற்ற வற்ற, உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இடையில் ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்துமா இன்ஹேலரில் இருப்பதும் டாக்டர்கள் அலர்ஜிக்குக் கொடுப்பதும் வேறு வகை ஸ்டீராய்டு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

உடம்பு ஏற்றுவது நல்ல காரியம். ராதாபுரம் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கு இன்றும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் நம்மிடம் இருந்தவைதான். ஜிம்முக்கும் போகலாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் தசை வளர அது போதும். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 112 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மீன், கொண்டைக்கடலை, நிலக்கடலை, பருப்பு, தயிர் என்று நம் அடுக்களையிலேயே மீதியைக் கணக்குப் பண்ணிவிடலாம். எட்டு மணி நேர உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி மெதுவாகத்தான் வரும்.

அந்த 23 வயதுப் பையனுக்கு மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினேன். அரிப்பு அடங்க ஆறு வாரமும் கண் வெளுக்க மூன்று மாதமும் ஆயின. இப்போது வேறு ஜிம்முக்குப் போகிறான். போன முறை வந்தபோது எடை எட்டு கிலோ குறைந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

ஏற்கெனவே கோர்ஸில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நீங்களாக அடுத்த மாத்திரையை வாங்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் போங்கள். யாரும் போலீஸுக்குச் சொல்லமாட்டார்கள். எடை தூக்குபவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடுமையான பயிற்சியாலேயே கல்லீரல் சோதனையான எஸ்.ஜி.பி.டி.யும் சிறுநீரகச் சோதனையான கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறும், டாக்டர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊசிக் குப்பியையும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். லேபிள் இல்லாத குப்பியாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.